ஈர மண்ணுக்குக் காத்திருந்த சினை ஓணான்: எழுவான்கரை வளவு ஒன்றில் நடந்த நிகழ்வு

எதைப் பற்றியது

மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட எழுவான்கரைக் கிராமம் ஒன்றில், ஒரு வீட்டு வளவில் இது நடந்தது. ஓகஸ்ட் நடுப்பகுதியில் தொடங்கி ஒக்டோபர் கடைசியில் முடிந்தது. சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் ஒரு மாணவன், அவனுடைய அம்மம்மா, ஆடு வளர்க்கும் மாமா, அவனுக்கு விஞ்ஞானம் கற்பிக்கும் நான் ஆகிய நால்வரும் இதில் இருந்தோம். பெயர்கள் இங்கே தேவையில்லை. திகதிகளும் அளவுகளும் மாணவன் வைத்திருந்த சிறு குறிப்புக் கொப்பியிலிருந்து எடுக்கப்பட்டவை. அந்தக் கொப்பி இல்லாவிட்டால் இதை எழுதியிருக்க முடியாது.

எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஓணான் என்றால் கல்லெறிவதும், தென்னை ஈர்க்கில் சுருக்குப் போட்டுப் பிடிப்பதும்தான் நினைவுக்கு வரும். இரத்தம் உறிஞ்சும் என்ற பழியும் அதற்கு உண்டு. ஆண் ஓணானின் தலையும் தொண்டையும் இனப்பெருக்கக் காலத்தில் சிவப்பதால் வந்த பழி அது. பெண் ஓணானை யாரும் கவனிப்பதே இல்லை. அது மண்ணோடு மண்ணாகக் கிடக்கும்.

பின்னணி

ஓகஸ்ட் 12ஆம் திகதி காலை, குட்டி போட்டிருந்த வீட்டுப் பூனை ஓர் ஓணானைக் கவ்விக்கொண்டு குசினிப் பக்கம் வந்திருக்கிறது. மாணவன் அதை விடுவித்தான். வலது பின்தொடையில் தோல் கிழிந்திருந்தது. அம்மம்மா மஞ்சள் வைத்தார். காயம் ஆறும்வரை வைத்திருப்போம் என்று, மீன் வளர்த்து விட்ட பழைய கண்ணாடித் தொட்டி ஒன்றில் கடற்கரை மணலை ஐந்து சென்ரிமீற்றர் அளவு பரப்பி, இரண்டு பூவரசங் கம்புகளை நட்டு, மூலையில் ஒரு தண்ணீர் மூடி வைத்து அதை உள்ளே விட்டான். கறையானும் வெட்டுக்கிளியும் உணவு.

இரண்டு நாள் கழித்து என்னிடம் வந்தான். “ரீச்சர், அதன் வயிற்றில் கட்டி கட்டியாக இருக்கிறது, நோயா?” என்று கேட்டான். போய்ப் பார்த்தேன். தோட்டத்து ஓணான், கலோட்டஸ் வெர்சிகலர். கன்னம் உப்பவில்லை, முதுகுச் சீப்பு சிறியது, வாலின் அடி ஒடுங்கியிருந்தது. பெண்தான். வயிற்றின் இரு பக்கமும் அவரைக்காய்க்குள் விதை புடைத்திருப்பதுபோல் வரிசையாகத் தெரிந்தது. நோய் இல்லை, சினை என்று சொன்னேன். இன்னும் சில நாட்களில் இட்டுவிடும் என்றும் சேர்த்துச் சொன்னேன். அந்தச் “சில நாட்கள்” எங்கிருந்து வந்தது என்று இப்போது யோசித்தால், நான் வளர்த்த கோழிகளிடமிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

காலநிலையையும் இங்கே குறித்துவிட வேண்டும். மாதக்கணக்கில் நல்ல மழை இல்லை. கச்சான் காற்று அனலாக வீசிக்கொண்டிருந்தது. வளவு மணல் ஒரு சாண் ஆழம்வரை காய்ந்திருந்தது. எங்கள் பகுதிக்கு உண்மையான மழை வடகீழ்ப் பருவக்காற்றோடுதான் வரும். அதற்கு இன்னும் இரண்டு மாதத்துக்கு மேல் இருந்தது.

அவதானித்தவை

முதல் பத்து நாட்களில் குறிப்பிட எதுவும் இல்லை. நன்றாகச் சாப்பிட்டது, காயம் காய்ந்தது. ஓகஸ்ட் 24இலிருந்து கொப்பியில் குறிப்புகள் மாறுகின்றன. “இன்று மூன்று கறையான் மட்டும்.” “சாப்பிடவில்லை. மூலையைக் கிண்டுகிறது.” “கிண்டியது, விட்டுவிட்டது.” இப்படியே ஒரு வாரம். செப்டெம்பர் தொடக்கத்தில் கிண்டுவதும் குறைந்தது. கம்பில் ஏறி, கண்ணை அரைவாசி மூடியபடி நிழற்பக்கத்தில் இருந்தது. முன்பு காலை வெயிலுக்கு முதல் ஆளாக வந்து நின்ற ஓணான் அது.

வீட்டில் பதற்றம் தொடங்கியது. அடைக்கோழியும் முட்டைக்கோழியுமாய் வாழ்நாளைக் கழித்த அம்மம்மாவுக்குச் சந்தேகமே இல்லை, முட்டை அடைபட்டுவிட்டது. ஆமணக்கெண்ணெய் தடவி, வயிற்றை மெதுவாகப் பின்பக்கமாக நீவிவிடச் சொன்னார். மாமா ஆட்டை வைத்துப் பேசினார். நாள் கடந்த சினையைக் கையால் உதவித்தான் எடுக்க வேண்டும், தாமதித்தால் தாயும் போய்விடும் என்றார். மாணவன் கைத்தொலைபேசியில் எங்கோ ஒரு வீடியோ பார்த்துவிட்டு, ஊசி ஒன்று இருக்கிறதாமே என்று கேட்டான்.

செப்டெம்பர் 4ஆம் திகதி மாலை நான் போனபோது ஓணானைவிடக் கொப்பியைத்தான் அதிக நேரம் பார்த்தேன். மாணவன் தொட்டியைப் படமாக வரைந்து, கிண்டிய இடங்களைப் புள்ளியிட்டு வைத்திருந்தான். யாரும் சொல்லிக் கொடுக்காமல் செய்தது. பதினொரு புள்ளிகளில் எட்டு, தண்ணீர் மூடி இருந்த மூலையைச் சுற்றி. அந்த மூடி அடிக்கடி தளும்பிச் சிந்தும் என்று அவனே சொன்னான். நனைந்த இடத்தைத் தேடித் தோண்டியிருக்கிறது. இரண்டு அங்குலம் போனதும் கீழே கண்ணாடி, சுற்றிலும் காய்ந்த மணல். கடற்கரை மணல் காய்ந்தால் குழி நிற்காது. தோண்டத் தோண்டச் சரிந்து மூடும்.

அன்றிரவுதான் என் சிந்தனை ஓணானின் வயிற்றிலிருந்து அதன் காலடி மண்ணுக்கு இறங்கியது.

கோழிக்கும் ஓணானுக்கும் உள்ள தூரம்

முடிவு எடுத்த காரணம் விளங்க, பெண் ஓணானின் உடலில் நடப்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

கோழிக்கு இடது சூலகமும் இடது முட்டைக்குழாயும் மட்டுமே வேலை செய்யும். முட்டை ஒவ்வொன்றாக முதிர்ந்து, ஏறக்குறைய நாளுக்கு ஒன்றாக வெளியே வரும். ஓணானுக்கு இரண்டு பக்கமும் வேலை செய்யும். வயிற்றிலுள்ள கொழுப்புத் திரள்கள் கரைய, ஈரல் மஞ்சட்கருப் புரதத்தைச் செய்து இரத்தத்தில் அனுப்ப, இரு சூலகங்களிலும் ஒரு தொகுதிச் சூல்கள் ஒன்றாகவே பருக்கும். ஒன்றாகவே குழாய்க்குள் இறங்கும். குழாயின் மேற்பகுதியில் கருக்கட்டல் முடிந்த பிறகே அதன்மேல் கோது படியும். அந்தக் கோதும் கோழி முட்டையினுடையதுபோல் சுண்ணக்கல் அல்ல. நனைந்த தடித்த கடதாசிபோல் வளையும், தண்ணீரை உள்ளே இழுக்கும். இட்ட பிறகு மண்ணின் ஈரலிப்பைக் குடித்து முட்டை பருக்கும். காய்ந்த மண்ணில் இட்டால் சுருங்கி உள்ளே இருப்பது சாகும்.

அதனால் கோது படிந்து முடிந்ததும் இட்டாக வேண்டும் என்ற கட்டாயம் ஓணானுக்கு இல்லை. முட்டைகளைக் குழாய்க்குள்ளேயே வைத்திருக்கலாம். பல்லியினங்களின் முளையம், அதாவது முட்டைக்குள் உருவாகும் கரு, வளர்வதை 40 படிகளாகப் பிரிக்கும் அட்டவணை ஒன்று 1961 முதல் வழக்கில் உள்ளது. முட்டையிடும் இனங்களில் பெரும்பாலானவை ஏறத்தாழ 30ஆம் படியில் இடுகின்றன. அதாவது இடும்போதே முளையத்துக்குத் தலையும் இதயமும் கால் மொட்டுகளும் உண்டு. இந்தியாவின் தார்வாட் நகரிலுள்ள கர்நாடகப் பல்கலைக்கழகத்தில் இதே ஓணானை வைத்துச் செய்த ஆய்வுகள் 1998இலும் 2003இலும் வெளிவந்தன. இடுவதற்கு ஏற்ற சூழல் கிடைக்காத பெண்கள் முட்டைகளைப் பிடித்துவைத்திருக்கின்றன என்றும், முளையங்கள் 34ஆம் படியில் வளர்ச்சியை நிறுத்திக் காத்திருக்கின்றன என்றும், தாய் தன் உடல் வெப்பநிலையைக் குறைத்துக்கொள்வதே அந்த நிறுத்தத்தை உண்டாக்குகிறது என்றும் அவை காட்டின. வெயிலை விட்டு நிழலுக்குப் போன எங்கள் ஓணான் சோர்ந்துவிட்டது என்று நாங்கள் எழுதியதை இதோடு சேர்த்துப் படித்தால் வேறு பொருள் வருகிறது. உடல் வெப்பநிலையை நாங்கள் அளக்கவில்லை. ஆகவே இதற்கு மேல் உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

முட்டையை உள்ளே பிடித்துவைத்திருக்கும் இந்தப் பழக்கத்தை நீட்டிக்கொண்டே போனால் எங்கே போய் முடியும் என்பதற்கு வெளிநாடு போக வேண்டியதில்லை. இதே தீவின் மலைநாட்டில், ஹோட்டன் சமவெளி போன்ற குளிர்ந்த இடங்களில் வாழும் கொபோட்டிஸ் என்ற ஓணான் முட்டையே இடுவதில்லை, குட்டி ஈனுகிறது. பல்லி, பாம்புக் குடும்பங்களில் குட்டி ஈனும் முறை நூறு தடவைக்கு மேல் தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது. குளிர்ந்த மண்ணைவிட வெயில் காயும் தாயின் வயிறு சூடானது என்பது அதற்குச் சொல்லப்படும் முக்கிய விளக்கம். மலையில் குளிருக்காக நடப்பது, எங்கள் கரையில் வரட்சிக்காகக் கொஞ்ச நாள் நடக்கிறது என்று மாணவனிடம் சொன்னேன். முழுவதும் சரியான ஒப்பீடு அல்ல, ஆனால் அவன் பிடித்துக்கொண்டான்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதலாவது, வயிற்றை நீவுவதில்லை. கோது மெல்லியது, உள்ளே உடைந்தால் மஞ்சட்கரு வயிற்றுக்குள் சிந்தித் தாய் இறந்துவிடும். அம்மம்மாவுக்கு இதை விளக்க ஒரு மணிநேரம் ஆனது. கடைசியில் “சரி மகன், உங்கள் ரீச்சர் சொல்கிறபடி செய்யுங்கள், செத்தால் என்னைக் கேட்காதீர்கள்” என்று விட்டுக்கொடுத்தார்.

இரண்டாவது, ஊசி. பசுவிலும் ஆட்டிலும் கருப்பையைச் சுருங்கச் செய்வது ஒட்சிடோசின். ஓணானில் அந்த வேலையைச் செய்யும் சொந்த ஓமோன் வாசோடோசின். ஊர்வனவற்றுக்கும் ஒட்சிடோசின் கொடுக்கப்படுவதுண்டு, ஆனால் பல்லியினங்களில் அதன் பலன் நிச்சயமில்லை. மிருக வைத்தியர் ஒருவரிடம் தொலைபேசியில் பேசினேன். ஓணானுக்குத் தான் வைத்தியம் பார்த்ததில்லை என்று நேர்மையாகவே சொன்னார். பிறகு மிகப் பயனுள்ள ஒரு கேள்வியைக் கேட்டார்: முக்குகிறதா? கழியறையில் (கழிவும் முட்டையும் வெளிவரும் வாயில்) நீரோ இரத்தமோ கசிகிறதா? தூக்கினால் துள்ளுகிறதா, தொங்குகிறதா? முக்கவில்லை, கசிவில்லை, தூக்கினால் கடிக்க வந்தது. அப்படியானால் அவசரம் இல்லை, மாறினால் கொண்டுவாருங்கள் என்றார்.

மூன்றாவது, விட்டுவிடுவதா? காயம் ஆறிவிட்டதால் அதுவே நேர்மையான வழி. அப்போது நாங்கள் மறுத்ததற்குக் காரணம் பூனை. ஆனால் வேலிக்கு அப்பால் பூனை போகாத வாழைத்தோட்டம் இருந்தது. தினமும் தண்ணீர் பாயும் தோட்டம் அது. அங்கே விட்டிருந்தால் இந்தக் கட்டுரையே இருந்திருக்காது, ஓணானுக்கும் நட்டமில்லை. மாணவனுடைய ஆவலுக்கும் என்னுடைய ஆவலுக்கும் நாங்கள் இடம்கொடுத்துவிட்டோம் என்பதே உண்மை.

எடுத்த முடிவு, மண்ணை மாற்றுவது. துணி தோய்க்கும் பெரிய பேசன் ஒன்றில் வாழை அடியிலிருந்து எடுத்த மண்ணையும் மணலையும் கலந்து 20 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு நிரப்பினோம். நடுவில் பலகை வைத்து, ஒரு பாதியை நனைத்து மறுபாதியைக் காயவிட்டோம். ஈரத்தின் அளவுக்குக் கருவி எதுவும் இல்லை. கையில் பிடித்தால் கொழுக்கட்டைபோல் நிற்க வேண்டும், பிழிந்தால் தண்ணீர் சொட்டக் கூடாது. பிறகு பலகையை எடுத்துவிட்டு, மேலே பழைய நுளம்புவலையைக் கட்டி, ஆள்நடமாட்டம் குறைந்த கிணற்றடிப் பக்கம் வைத்தோம். செப்டெம்பர் 6 காலை ஓணானை அதில் விடும் முன், மாமாவின் நண்பரான தங்க வேலை செய்பவரின் தராசில் நிறுத்தோம்: 30 கிராம்.

நடந்தது

முதல் நாள் அசையவில்லை. மறுநாள் ஈரப்பக்கத்தில் இரண்டு இடங்களில் கிண்டிப் பார்த்து விட்டுவிட்டது. காய்ந்த பக்கத்தில் ஒரு கீறல்கூட இல்லை.

செப்டெம்பர் 8, பிற்பகல் இரண்டரை மணியளவில் மூன்றாவது குழியைத் தோண்டத் தொடங்கியது. முன்கால்களால் கிண்டி, பின்கால்களால் மண்ணைத் தள்ளி, உடம்பு முழுவதும் இறங்கும் ஆழம் வந்ததும் திரும்பி, தலை மட்டும் வெளியே தெரிய நின்றது. ஏறத்தாழ முக்கால் மணிநேரம். மாணவன் கதவிடுக்கு வழியாகப் பார்த்திருக்கிறான், கிட்டப் போகவில்லை. முடிந்ததும் மண்ணைத் தள்ளி மூடி, மூக்கு நுனியால் தட்டித் தட்டி இறுக்கியது. “அம்மம்மா முற்றத்து மண்ணைத் தட்டிச் சமப்படுத்துவதுபோல” என்று கொப்பியில் இருக்கிறது. எழும்பி வந்தபோது விலாப் பக்கம் ஒட்டிச் சுருங்கியிருந்தது. அன்று மாலை ஏழு கறையான் சாப்பிட்டது. அடுத்த நாள் நிறை 21 கிராம். தன் நிறையில் பத்தில் மூன்று பங்கை ஒரே பிற்பகலில் இறக்கிவிட்டது.

செப்டெம்பர் 10ஆம் திகதி வாழைத்தோட்டத்தில் விட்டோம். விட்ட இடத்திலேயே ஐந்து நிமிடம் நின்று தலையை ஆட்டிவிட்டுப் போனது.

முட்டைகளில் செய்த பிழை

இங்கே ஒரு பிழை நடந்தது. நான் போவதற்கு முன்பே மாணவன் ஆர்வத்தில் கரண்டியால் முட்டைகளை எடுத்து ஐஸ்கிரீம் பெட்டிக்கு மாற்றியிருந்தான். மொத்தம் 14. கோழி தன் முட்டையை அடிக்கடி புரட்டும், அதற்கு அது தேவை. ஊர்வனவற்றின் முட்டையை இட்ட நிலையிலிருந்து புரட்டக் கூடாது. முளையம் கோதின் உட்பக்கத்தோடு மேலே பற்றிக்கொண்டிருக்கும், புரண்டால் மஞ்சட்கரு அதன்மேல் அழுத்தும். ஒன்பது முட்டைகளை அப்படியே தூக்கி வைத்ததாகவும் ஐந்து கைதவறி உருண்டதாகவும் சொன்னான். ஒன்பதுக்கும் மேல்பக்கத்தில் பென்சிலால் புள்ளி வைத்தோம், ஐந்துக்குக் கேள்விக்குறி. ஈர மணலும் தும்புத்தூளும் கலந்து அரைவாசி புதைத்து, மூடியில் துளையிட்டு, அடுப்புச் சூடு படாத அலுமாரியில் வைத்தோம். பாடசாலை வெப்பமானியில் 28க்கும் 31 பாகை செல்சியசுக்கும் இடையில் நின்றது.

இரண்டு வாரத்துக்குள் மூன்று பூஞ்சணம் பிடித்துக் குழி விழுந்தன. அவற்றில் கேள்விக்குறி இட்டவை இரண்டு. ஒன்றைப் பத்தாம் நாள் திறந்து பார்த்தோம். கறுத்த கண்ணும் விரல் பிரியும் கால்களும் இருந்த முளையம், இறந்திருந்தது. இவ்வளவு வளர்ச்சி தாயின் உள்ளேயே நடந்ததா, பெட்டிக்குள் வந்ததா என்று அப்போது பிரித்துச் சொல்ல வழியில்லை.

மீதிப் பதினொன்றும் பருத்தன. ஒக்டோபர் 25ஆம் திகதி, அதாவது 47ஆம் நாள், முதல் குஞ்சு மூக்கு நுனியிலுள்ள முட்டைப்பல்லால் கோதைக் கீறித் தலையை நீட்டியது. மூன்று நாட்களில் ஒன்பது வெளிவந்தன. இரண்டு முழுதாக வளர்ந்தும் உள்ளேயே இறந்திருந்தன, அதில் ஒன்று கேள்விக்குறி. கணக்கு இப்படி முடிந்தது: புரளாத ஒன்பதில் ஏழு பொரித்தன, புரண்ட ஐந்தில் இரண்டு. எண்ணிக்கை சிறியது, ஆனால் மாணவனின் முகத்தைப் பார்த்தவர்களுக்கு அது போதுமானதாக இருந்தது. இரவில் இடியோடு மழை தொடங்கிய நாட்கள் அவை. ஒன்பதையும் அம்மம்மா முன்னிற்க வேலியோரத்தில் விட்டோம்.

இடையில் வந்த ஒரு கேள்வி

“ஆண் இல்லாமல் தனியாக இருந்ததே, எப்படி உயிர் வந்தது?” என்று அம்மம்மா கேட்டார். பிடிபட்ட இரண்டு நாளிலேயே முட்டைகள் வயிற்றில் தெரிந்தன, கருக்கட்டல் அதற்கு முன்பே முடிந்தது. அதைவிட, இந்த ஓணான் விந்தைக் குழாயின் கீழ்ப்பகுதியிலுள்ள சிறு பைகளில் சேமித்தும் வைக்கும், ஒரு பருவத்தில் பல தொகுதி முட்டையும் இடும். ஆணே இல்லாமல் பெருகும் பல்லியும் இலங்கையில் உண்டு. லெபிடோடக்டைலஸ் லுகுப்ரிஸ் என்ற சிறு பல்லியில் பெண்களே தங்களைப் படியெடுத்துக்கொள்கின்றன. ஓணான் அந்த வகை அல்ல. அம்மம்மா பல்லிக் கதையைத்தான் அதிகம் ரசித்தார்.

மறுமுறை என்றால் மாற்றுபவை

முதல் நாளே வாழைத்தோட்டத்தில் விடுவேன். வைத்திருக்க உண்மையான காரணம் இருந்தால், முதலில் வனசீவராசிகள் அலுவலகத்தில் கேட்பேன். சினை என்று தெரிந்த அன்றே ஆழமான ஈர மண் கொடுப்பேன். மூன்று வாரத்தை வீணாக்கியது ஓணான் அல்ல.

ஈரம், ஆழம், அமைதி மூன்றையும் ஒரே நாளில் மாற்றியதால் எது இடவைத்தது என்று பிரிக்க முடியவில்லை. பாதி ஈரம் பாதி காய்ந்தது என்று பேசனைப் பிரித்தது மட்டுமே ஈரத்தின் பக்கம் சாட்சி சொல்கிறது.

முட்டையிட்ட அன்றே ஒரு முட்டையைத் தியாகம் செய்து திறந்திருந்தால், வளர்ச்சி எந்தப் படியில் நின்றிருந்தது என்று தெரிந்திருக்கும். ஓர் உயிரைக் கொடுத்து அந்த விடையை வாங்கியிருக்க வேண்டுமா என்பதில் எனக்கும் மாணவனுக்கும் இன்னும் உடன்பாடு இல்லை. ஐந்து கடைசியில் வீணாகத்தானே போயின என்பது என் கட்சி. வீணாகப் போவது எது என்று அன்று தெரியாதே என்பது அவனுடையது.

வெப்பநிலையை நாளுக்கு ஒருமுறை மட்டுமே எழுதினோம். இந்த இனத்தில் அடைகாக்கும் வெப்பநிலை ஏற ஏற, பெண், ஆண், மீண்டும் பெண், மீண்டும் ஆண் என்று பாலினம் மாறி மாறி வரக்கூடும் என 2012இல் வெளியான இந்திய ஆய்வொன்று சொல்கிறது. மூன்று பாகை வித்தியாசத்தில் எங்கள் அலுமாரி எந்தப் பக்கம் சாய்ந்தது என்று அறிய வழியில்லை. வேலியோரம் போன ஒன்பதும் ஆணா பெண்ணா என்ற நிரல் கொப்பியில் வெறுமையாகவே இருக்கிறது.